காசு கொடுத்து வாங்கிய கேம் யாருடையது? பெங்களூரில் தொடங்கிய ஒரு வழக்கும் உங்கள் ஸ்டீம் லைப்ரரியும்

மடிவாளாவிலோ மாரத்தஹள்ளியிலோ ஒரு பிஜி அறை. சனிக்கிழமை ராத்திரி, ஊருக்குப் போகாத வாரம். ஸ்டீமில் சேல் ஓடிக்கொண்டிருக்கிறது. மூவாயிரம் ரூபாய் கேம் எழுநூற்றைம்பதுக்குக் கிடைக்கிறது. யுபிஐ-யில் காசு போகிறது, லைப்ரரியில் இன்னொரு படம் வந்து உட்காருகிறது. எப்போது விளையாடப்போகிறீர்கள் என்பது வேறு விஷயம். தீபாவளி லீவில் பார்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அடுத்த வருஷம். வாங்கியாச்சு, எங்கே போய்விடப்போகிறது?

போய்விடலாம். சில கேம்கள் அப்படிப் போயிருக்கின்றன, அதுவும் காசு கொடுத்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. எவை போகும், எவை நிற்கும், போனால் இந்தியச் சட்டத்தில் உங்களுக்கு என்ன பிடிமானம் என்பதை இங்கே பார்ப்போம். சட்டப் பகுதியில் பெங்களூரில் தொடங்கிய ஒரு வரி வழக்கு வரும். கேமுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும், கொஞ்சம் பொறுங்கள்.

இது நமக்கு ஏற்கெனவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, பப்ஜி வடிவத்தில். 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் பப்ஜி மொபைலும் பப்ஜி மொபைல் லைட்டும் இருந்தன. பதிவிறக்கம்தான் நின்றது என்று முதலில் பலர் நினைத்தார்கள். போனில் ஏற்கெனவே இருந்த கேம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபர் 30 அன்று டென்சென்ட் இந்தியாவுக்கான சர்வர் சேவையை மொத்தமாக நிறுத்தியது. யூசி வாங்கி, அதில் துப்பாக்கி ஸ்கின்னும் உடைகளும் வாங்கி வைத்திருந்தவர்களின் அக்கவுண்ட் அப்படியே பூட்டிக்கொண்டது.

2021 ஜூலை 2 அன்று பிஜிஎம்ஐ வந்தது. அதை வெளியிட்ட க்ராஃப்டனின் இந்திய அலுவலகம் இருப்பது இதே பெங்களூரில். பழைய பப்ஜி அக்கவுண்டில் இருந்ததைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள வழி கொடுத்தார்கள், அதற்கும் ஒரு கெடு வைத்தார்கள். லைட் வெர்ஷன் ஆடியவர்களுக்கு, அதாவது ரேம் குறைந்த, விலை குறைந்த போன் வைத்திருந்தவர்களுக்கு, அப்படி ஒரு மாற்று வரவே இல்லை. காசு போட்டது அவர்களும்தான்.

2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐயும் பிளே ஸ்டோரிலிருந்தும் ஆப் ஸ்டோரிலிருந்தும் காணாமல் போய், 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது. ஒரு விஷயத்தை இங்கே கவனியுங்கள். அரசு தடை செய்தாலும் சரி, கம்பெனி கடையை மூடினாலும் சரி, உங்கள் போனில் இருக்கும் ஃபைல் அழிவதில்லை. அந்த ஃபைல் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரைக் கேட்டுவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்று கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பக்கம் பதில் நின்றால் இந்தப் பக்கம் ஆட்டம் முடிந்தது.

'வாங்கு' பட்டனை அமுக்கினால் எதை வாங்குகிறோம்?

லைசென்ஸ். அதாவது, பயன்படுத்த ஓர் அனுமதி. ஸ்டீம், பிளேஸ்டேஷன் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ என எந்தக் கடையின் ஒப்பந்தத்தை எடுத்தாலும் சாரம் இதுதான்: கேமை உங்களுக்கு விற்கவில்லை, ஆட அனுமதிக்கிறோம், அந்த அனுமதியை நீங்கள் வேறொருவருக்குக் கைமாற்ற முடியாது.

இதை யாரும் ஒளித்து வைக்கவில்லைதான். ஆனால் நாற்பது பக்க ஒப்பந்தத்தின் நடுவில் இருந்தது. பட்டனில் மட்டும் 'வாங்கு' என்று பெரிய எழுத்து. இந்த இடைவெளியைத்தான் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் பிடித்தது. 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த அங்குள்ள சட்டப்படி, லைசென்ஸை விற்கும் கடை அது லைசென்ஸ்தான் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற வார்த்தையைப் போடக்கூடாது. அமலுக்கு வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் தன் செக்-அவுட் பக்கத்தில் 'நீங்கள் பெறுவது லைசென்ஸ்' என்ற அர்த்தத்தில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டது.

அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு உண்டு, அதுதான் சுவாரசியம். வாங்கியவர் நிரந்தரமாக டவுன்லோடு செய்து, நெட் இல்லாமலே வைத்துக்கொள்ள முடிகிற பொருளுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. கிட்டத்தட்ட 'சொந்தம்' என்பதற்கே ஒரு நடைமுறை விளக்கம் அது. கடைக்காரரின் தயவு இல்லாமல் ஓடினால் உங்களுடையது.

'தி க்ரூ' கேமுக்கு என்ன ஆனது?

உலகம் முழுக்க இந்தப் பேச்சு சூடுபிடிக்கக் காரணம் யுபிசாஃப்டின் 'தி க்ரூ' என்ற கார் ரேஸ் கேம். 2014 டிசம்பரில் வந்தது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரு வரைபடமாக்கி, கரையிலிருந்து கரைக்குக் கார் ஓட்டவிட்ட கேம். தனியாகவே ஓட்டலாம், ஆனால் எப்போதும் நெட் வேண்டும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள், 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஆன்லைன் ரேஸ் மட்டும் நின்றிருந்தால் யாரும் பெரிதாகச் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். கேம் திறக்கவே இல்லை. டிஸ்க் வைத்திருந்தவர்களுக்கும் அதே கதி. போதாததற்கு, யுபிசாஃப்ட் அக்கவுண்டில் அந்த கேமின் லைசென்ஸையே நீக்கிவிட்டார்கள்.

அதன் பிறகுதான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். அவர் கேட்பது சர்வரைக் காலாகாலத்துக்கும் ஓட்டு என்பதல்ல. ஆதரவை நிறுத்தும் நாளில், வாங்கியவர்கள் ஏதோ ஒரு வகையில் ஆடக்கூடிய நிலையில் கேமை விட்டுவிட்டுப் போ என்பதுதான். இந்தக் கோரிக்கையோடு ஐரோப்பிய ஒன்றியத்தில் நடந்த கையெழுத்து முயற்சி 2025 ஜூலையில் முடிந்தபோது, தேவையான 10 லட்சத்தைத் தாண்டியிருந்தது.

'அப்படியெல்லாம் செய்ய முடியாது, செலவு அதிகம்' என்பது கம்பெனிகளின் வழக்கமான பதில். சில கேம்களுக்கு அது உண்மையும்கூட. ஆனால் இதே யுபிசாஃப்ட், எதிர்ப்பு கிளம்பிய பிறகு 'தி க்ரூ 2' கேமுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக அறிவித்து, 2025-ல் கொடுத்தும்விட்டது. முதல் 'க்ரூ'வை 2025 செப்டம்பரில் ரசிகர்களே சொந்த சர்வர் எழுதி ஓடவைத்தார்கள். முடியாத காரியம் என்று இனி சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

சரி, அந்தப் பெங்களூரு வழக்கு என்ன?

இந்தியாவில் 'லைசென்ஸா, விற்பனையா' என்ற கேள்வியை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது கேமர்கள் இல்லை, வருமான வரித்துறை.

எஞ்சினியரிங் அனாலிசிஸ் சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ் என்ற கம்பெனி அமெரிக்காவிலிருந்து ரெடிமேட் மென்பொருள் இறக்குமதி செய்து பயன்படுத்தியது. 2000-களின் தொடக்கக் கதை இது. வரித்துறை வந்து கேட்டது: 'நீங்கள் வாங்கியது மென்பொருள் அல்ல, லைசென்ஸ். ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. ஆகவே நீங்கள் கொடுத்த பணம் ராயல்டி. ராயல்டிக்கு ஏன் வரி பிடித்தம் செய்யவில்லை?' பெங்களூரு வருமான வரித் தீர்ப்பாயம் கம்பெனி பக்கம் நின்றது. இதே கேள்வியோடு வந்த சாம்சங் உள்ளிட்ட பல கம்பெனிகளின் வழக்குகளில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2011-ல் வரித்துறை பக்கம் நின்றது. எல்லாம் சேர்ந்து டெல்லிக்குப் போய், 2021 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு அது.

தீர்ப்பின் சாரத்தைப் புத்தகத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம், நீதிமன்றமும் அப்படித்தான் விளக்கியது. வெளிநாட்டுப் பதிப்பகம் 2,000 பிரதிகளை இந்திய விநியோகஸ்தருக்கு விற்றால், அவர் அதை விற்று லாபம் பார்க்கலாம். அதனால் புத்தகத்தின் காப்புரிமை அவருக்கு வந்துவிடாது. காப்புரிமை வேறு, காப்புரிமை உள்ள பொருளின் ஒரு பிரதி வேறு. ரெடிமேட் மென்பொருளை வாங்குபவருக்குக் கிடைப்பது பிரதி. ஒப்பந்தத்தில் 'லைசென்ஸ்' என்று எழுதியிருந்தாலும், உள்ளே நடப்பது ஒரு சரக்கு விற்பனை. ஆகவே அது ராயல்டி அல்ல.

இதற்கு முன்பே, 2004-ல், டிசிஎஸ் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, டிஸ்க்கில் பதிந்து கடையில் விற்கும் மென்பொருள் 'சரக்கு'தான், விற்பனை வரி உண்டு என்று சொல்லியிருந்தது.

ஆக, 'லைசென்ஸ்' என்று பேப்பரில் எழுதிவிட்டால் மட்டும் விற்பனை என்பது இல்லாமல் போய்விடாது. லேபிளைப் பார்க்காதே, நடந்ததைப் பார் என்று நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

அப்படியானால் என் கேம் என்னுடையதுதானே?

அவசரப்பட வேண்டாம். இரண்டு இடத்தில் இடிக்கும்.

முதலாவது, இவை வரி வழக்குகள். விற்றவர் பிற்பாடு வந்து பொருளைச் செயலிழக்க வைக்கலாமா என்பது அங்கே கேள்வியே இல்லை. தவிர, தீர்ப்பு 'விற்பனை' என்று சொன்னபோது அதன் மனக்கண்ணில் இருந்தது மென்பொருள் பதிந்த ஒரு பொருள், கையில் பிடிக்கக்கூடிய ஒன்று. ஸ்டீமிலிருந்து உங்கள் லேப்டாப்புக்கு இறங்கும் 80 ஜிபிக்கு அதை அப்படியே நீட்டலாம் என்று ஒரு வக்கீல் வாதாடலாம், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் பேச நிறைய இருக்கும்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. ஜிஎஸ்டி சட்டத்தில், வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் மென்பொருள், மின்நூல், சினிமா, இசை எல்லாம் 'சேவை'. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 18% வரி. ஆக டிஸ்க்கில் வந்தால் சரக்கு, வயரில் வந்தால் சேவை. சேவை என்றால் என்றைக்காவது நிற்கத்தானே செய்யும் என்று கம்பெனி சொல்ல இது வசதி.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போகலாம். பொருளா சேவையா என்ற தகராறு இங்கே அவ்வளவு முக்கியமில்லை, ஏனென்றால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. மின்வணிகம் என்பதற்கு அது தரும் விளக்கத்திலேயே 'டிஜிட்டல் பொருட்கள்' என்ற வார்த்தை உண்டு. 2020 மின்வணிக விதிகள், இந்தியாவில் அலுவலகம் இல்லாமல் இந்தியர்களுக்குத் தொடர்ந்து விற்கும் வெளிநாட்டுக் கடைகளுக்கும் பொருந்தும். குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும், புகார் வந்த 48 மணி நேரத்தில் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

வேலைக்காகப் பெங்களூரு வந்த நம்மவர்களுக்குப் பயன்படும் ஒரு விஷயம்: புகாரை நீங்கள் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ போடலாம். கம்பெனி சியாட்டிலில் இருந்தாலும் பெங்களூரு மாவட்ட ஆணையத்திலேயே போடலாம், திருச்சியில் வீடு என்றால் அங்கேயும் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஒப்பந்தத்தில் 'தகராறு வந்தால் மத்தியஸ்தம்தான்' என்று எழுதியிருக்கிறதே என்றால், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடாது என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொரு ஆயுதமும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது: 'நியாயமற்ற ஒப்பந்தம்'. தகுந்த காரணமில்லாமல் ஒரு தரப்பு தன்னிச்சையாக முறித்துக்கொள்ள இடம் தரும் ஒப்பந்தம் இந்த வகையில் வரும். 'எப்போது வேண்டுமானாலும் நிறுத்துவோம்' என்ற வரியை எதிர்க்க இதைவிடப் பொருத்தமான பிரிவு இல்லை. ஆனால் இந்த வகைப் புகாரை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

749 ரூபாய்க்காக யார் இவ்வளவு தூரம் போவார்கள் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. நியாயமான கேள்வி. வெளிநாட்டுக் கம்பெனிக்கு நோட்டீஸ் போய்ச்சேரவே மாதங்கள் ஆகலாம். சமீபத்தில் வாங்கிய கேம் மூடப்பட்டால், முதலில் கடையிலேயே ரீஃபண்ட் கேளுங்கள், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். முழுப் பணமும் திரும்பிய உதாரணம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 23 அன்று வந்த சோனியின் 'கான்கார்ட்' செப்டம்பர் 6 அன்றே மூடப்பட்டது, வாங்கியவர்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தார்கள். பத்து வருஷம் கழித்து மூடினால் அப்படிக் கொடுப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எது நிற்கும், எது போகும்?

'கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள்' என்பதும் 'மூடிவிட்டார்கள்' என்பதும் ஒன்றல்ல. இதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

'ஃபோர்சா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் கடைகளிலிருந்து போனது. கார் கம்பெனிகளிடமும் பாட்டுக் கம்பெனிகளிடமும் வாங்கிய உரிமைகளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது. புதிதாக வாங்க முடியாது, ஆனால் ஏற்கெனவே வாங்கியவர்கள் டவுன்லோடு செய்து ஆடலாம். இது முதல் வகை.

அடுத்தது, கேம் இருக்கும் ஆனால் வேறு கேமாக இருக்கும். 2018-ல் 'ஜிடிஏ 4'-ல் இருந்த பல பாட்டுகளை உரிமம் முடிந்ததால் ஒரு அப்டேட்டில் எடுத்துவிட்டார்கள். பிரவுசிங் சென்டரில் மணிக்கு இருபது ரூபாய் கொடுத்து 'வைஸ் சிட்டி' ஆடிய தலைமுறைக்கு இன்னொன்று ஞாபகம் இருக்கலாம். 2021-ல் புது வெர்ஷன் விற்பதற்காகப் பழைய மூன்று ஜிடிஏ கேம்களையும் கடையிலிருந்து தூக்கினார்கள். புதியதில் அவ்வளவு பிழைகள். ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழையதைத் தன் சொந்தக் கடையில் திரும்ப வைத்தது. (அதே ராக்ஸ்டார்தான் 2019-ல் பெங்களூரின் த்ருவா இன்டராக்டிவை வாங்கியது, உங்கள் நண்பர் யாராவது அங்கே வேலை பார்க்கவும் கூடும்.)

மூன்றாவது வகைதான் 'தி க்ரூ'. சர்வர் போனால் எல்லாம் போச்சு.

ஆகவே வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஸ்டார் ரேட்டிங் மட்டுமல்ல. தனியாக ஆடும் கேமுக்கும் 'எப்போதும் இணைய இணைப்பு தேவை' என்று ஸ்டோர் பக்கத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை வாடகை என்று நினைத்து, வாடகைக்கு ஏற்ற விலை கொடுங்கள். கம்பெனியே தனி அக்கவுண்ட், தனி லாஞ்சர் கேட்டால் இன்னொரு பூட்டு கூடுகிறது என்று அர்த்தம்.

ஸ்டீமில் பல கேம்கள் கூடுதல் பூட்டு எதுவும் இல்லாதவை. இன்ஸ்டால் ஆன ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, ஸ்டீமைத் திறக்காமலே ஓட்டிவிடலாம். ஸ்டீமில் என்றாலே எல்லாம் பூட்டியது என்பது தவறான எண்ணம். ஜிஓஜி என்ற கடை இதையே கொள்கையாக வைத்திருக்கிறது. அங்கே வாங்கும் கேமுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர் ஃபைல் கிடைக்கும். அதை ஒரு எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வைத்தால், நாளைக்கு ஜிஓஜியே இல்லாமல் போனாலும் கேம் ஓடும். ஒப்பந்தத்தில் அங்கேயும் லைசென்ஸ்தான். ஆனால் திருப்பி வாங்க அவர்கள் கையில் கயிறு இல்லை.

டிஸ்க் வாங்கினால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். மெஜஸ்டிக் பக்கம் நேஷனல் மார்க்கெட்டிலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கை விற்று வேறொன்று வாங்க முடிகிறது. டிஜிட்டலில் அது முடியாது. நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், அதுவும் டிஜிட்டலில் சுலபமில்லை. தனியாக ஆடும் கேம்களுக்கு டிஸ்க் இன்னும் நல்ல வழிதான். பிசியில் கதை வேறு. 2015-ல் 'ஜிடிஏ 5' ஏழு டிவிடிகளாக வந்தது, ஆனால் ஆன்லைனில் ஆக்டிவேட் செய்யாமல் அந்த ஏழையும் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

பேக்கப் எடுப்பது குற்றமா?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52(1)(ஏஏ), ஒரு மென்பொருள் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், அது தொலைந்தாலோ கெட்டுப்போனாலோ உதவட்டும் என்று பேக்கப் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. ஆக, நீங்கள் வாங்கிய, பூட்டு இல்லாத கேமைக் காப்பி எடுத்து வைப்பதில் பயப்பட ஒன்றுமில்லை. டோரண்டில் போடுவது, நண்பர்களுக்கு விற்பது இதெல்லாம் அந்தப் பிரிவில் வராது.

பூட்டை உடைப்பது? 2012 திருத்தத்தில் வந்த பிரிவு 65ஏ, தொழில்நுட்பப் பூட்டை உடைப்பதை இரண்டு வருஷம் வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றமாக்குகிறது. ஆனால் 'காப்புரிமையை மீறும் நோக்கத்தோடு' உடைத்தால் என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. காசு கொடுத்து வாங்கி, கம்பெனியே கைவிட்ட கேமை வீட்டில் தனக்காக ஓடவைத்தவருக்கு அந்த நோக்கம் இல்லை என்று வாதாட இடம் உண்டு. வாதம் உண்டு என்பதற்காக, கண்ட தளத்திலிருந்து கிராக் எடுத்து ஆபீஸ் லேப்டாப்பில் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஐடி டீம் பிரிவு 65ஏ-வெல்லாம் படிக்காது.

அக்கவுண்ட்தான் சாவி

கடைசியாக, கேம் போகாமல் அக்கவுண்ட் போவதுதான் நடைமுறையில் அதிகம் நடப்பது. காலேஜ் மெயில் ஐடியில் தொடங்கிய ஸ்டீம் அக்கவுண்ட் என்றால், அந்த மெயிலைக் காலேஜ் மூடும் முன் மாற்றுங்கள். சிம் மாற்றினால் அங்கேயும் நம்பரை மாற்றுங்கள். ரசீது மெயில்களை அழிக்காதீர்கள். அக்கவுண்டை மீட்கவும் புகார் கொடுக்கவும் அவைதான் ஆதாரம்.

ஊரில் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கலாமா? ஒப்பந்தப்படி அக்கவுண்டை விற்கவோ கைமாற்றவோ முடியாது. உயில் எழுதிக்கூட மாற்ற முடியாது என்று ஸ்டீம் 2024-ல் ஒருவருக்குப் பதில் சொல்லியிருந்தது. அதே வருஷம் வந்த ஸ்டீம் ஃபேமிலீஸ் வசதியில் ஆறு பேர் வரை லைப்ரரியைப் பகிர்ந்துகொள்ளலாம், அவரவர் சேவ் ஃபைல் அவரவருக்கு. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கானது என்று ஸ்டீம் சொல்கிறது. பகிர அனுமதிப்பதா வேண்டாமா என்பது கேம் கம்பெனியின் விருப்பம், ஆகவே லைப்ரரியில் இருக்கும் எல்லாமே தம்பி திரையில் வரும் என்று சொல்லிவைக்காதீர்கள்.